எழுத்தும் விடுதலையும்

ஒரு நாடு பிறந்த கதையைப் படிக்கும்போது நம் கண்முன் முதலில் தோன்றுவது போர்க்களமே. வாள் ஏந்திய வீரரும் சிறைப்பட்ட தலைவரும் அங்கே காட்சி தருவர். பால்கன் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ள அல்பேனியாவின் வரலாற்றிலும் இத்தகைய காட்சிகளுக்குக் குறைவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டிலே ஸ்கந்தர்பெக் என்னும் மாவீரன் இருபத்தைந்து ஆண்டுகள் துருக்கிப் பெரும்படையை எதிர்த்து நின்றான். அவன் பெயரை அந்நாட்டுக் குழந்தைகளும் அறிவர். ஆயினும், அம்மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் நாட்களுள் ஒன்று எந்தப் போரோடும் தொடர்புடையதன்று. அது நவம்பர் 22. அவர்களுடைய எழுத்து நாள். 1908-ஆம் ஆண்டில் அந்நாளில் ஒரு மாநாடு தன் பணியை முடித்தது. எந்த எழுத்தால் தம் தாய்மொழியை எழுதுவது என்பதே அம்மாநாட்டின் முன் இருந்த ஒரே பெரிய வினா.

அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இருபத்தெட்டு வயது இளைஞர். அவர் பெயர் மித்ஹத் பிராஷெரி. எழுத்தாளர், இதழாசிரியர், அமைச்சர், தூதர், புத்தகக் கடைக்காரர், ஒரு பெரிய அரசியல் இயக்கத்தின் தலைவர் எனப் பல நிலைகளில் வாழ்ந்தவர் அவர். அவருடைய வாழ்வில் வெற்றியும் உண்டு, பெருந்தோல்வியும் உண்டு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வரலாறு பயிலும் மாணவர்க்குப் பயன் தரும்.

எழுத்தைப் பற்றி ஒரு மாநாடு கூட வேண்டிய தேவை என்ன? இதனை அறிய அந்நாட்டின் பழைய நிலையைச் சிறிது காணல் வேண்டும். அல்பேனிய மொழி பழமையான மொழி. இந்தோ ஐரோப்பிய மொழிக்குடும்பத்தில் அது தனிக்கிளையாக நிற்பது. அம்மொழியில் நமக்குக் கிடைத்துள்ள முதல் அச்சு நூல் 1555-ஆம் ஆண்டினது. ஆனால் மக்களோ மூன்று சமயத்தவர். பெரும்பான்மையோர் முஸ்லிம்கள், தெற்கே ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர், வடக்கே கத்தோலிக்கர். முஸ்லிம்கள் தம் மொழியை அரபு எழுத்தால் எழுதினர். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் கிரேக்க எழுத்தைக் கையாண்டனர். கத்தோலிக்கர் லத்தீன் எழுத்தை மேற்கொண்டனர். பேசினால் ஒருவரையொருவர் புரிந்துகொள்வர், எழுதினால் புரியாது. ஒரே தாயின் பிள்ளைகள் தம்முள் கடிதம் எழுதிக்கொள்ள இயலாத நிலை அது!

இந்நிலை துருக்கிப் பேரரசுக்கு உவப்பாகவே இருந்தது. அப்பேரரசு மக்களை மொழியால் பிரித்து எண்ணவில்லை. சமயத்தால் பிரித்து எண்ணியது. முஸ்லிம் சிறுவன் துருக்கி மொழிப் பள்ளிக்குச் சென்றான். ஆர்த்தடாக்ஸ் சிறுவன் கிரேக்க மொழிப் பள்ளிக்குச் சென்றான். அல்பேனியன் என்ற பெயரில் எவனுக்கும் பள்ளி இல்லை. பொதுவான எழுத்து ஒன்று தோன்றிவிட்டால், தாம் ஒரே மக்கள் என்ற எண்ணமும் அதனோடு தோன்றும் அன்றோ? ஆகவேதான் அரசு அல்பேனிய மொழிப் புத்தகங்களை ஐயக்கண்ணோடு நோக்கியது. நூல்கள் புக்காரெஸ்டிலும் சோபியாவிலும் அச்சாயின. மறைவாக மலைகளைக் கடந்து நாட்டுக்குள் வந்தன.

இத்தகைய காலத்தில் தென் அல்பேனியாவில் பிராஷெரி என்னும் மலைக்கிராமத்திலிருந்து மூன்று உடன்பிறந்தார் தோன்றினர். மூத்தவர் அப்துல், அரசியல்வாதி. அடுத்தவர் நயீம், அல்பேனியாவின் தேசியக் கவிஞர் என்று போற்றப்படுபவர். இளையவர் ஸாமி, பேரறிஞர். ஸாமியின் புலமை வியத்தற்குரியது. துருக்கி மொழிக்கு ஒரு சிறந்த அகராதியையும், ஆறு தொகுதிகள் கொண்ட ஒரு கலைக்களஞ்சியத்தையும் இயற்றியவர் அவரே. ஆளும் இனத்தின் மொழிக்கு அகராதி செய்து கொடுத்த அவர், தம் சொந்த மொழிக்கு எழுத்தே இல்லையே என்று வருந்தினார். 1879-இல் இஸ்தான்புல் நகரில் நண்பருடன் சேர்ந்து 36 எழுத்துக்கள் கொண்ட ஒரு வரிசையை வகுத்தார். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்பது அதன் விதி. லத்தீன் எழுத்தில் இல்லாத ஒலிகளுக்குப் புதிய வடிவங்களை அவர் சேர்த்துக்கொண்டார். அதற்கு இஸ்தான்புல் எழுத்து என்று பெயர் வழங்கிற்று. நயீமின் பாடல்களும் பள்ளிப் பாடநூல்களும் அவ்வெழுத்தில் வெளிவந்தன. 1887-இல் கோர்ச்சா நகரில் முதல் அல்பேனிய மொழிப் பள்ளி திறக்கப்பட்டபோது அங்கும் அவ்வெழுத்தே புகுந்தது.

மூத்தவரான அப்துல் 1878-இல் பிரிஸ்ரென் நகரில் கூடிய அல்பேனியர் கூட்டணியின் முன்னணித் தலைவராக விளங்கினார். பால்கன் நாடுகள் அல்பேனியர் நிலத்தைப் பங்கிட முனைந்தபோது அதனைத் தடுக்க எழுந்தது அக்கூட்டணி. துருக்கி அரசு 1881-இல் அதனைப் படையால் ஒடுக்கிற்று. அப்துல் சிறைப்பட்டார். அப்போது அவருடைய மகனுக்கு வயது ஒன்று. அம்மகனே மித்ஹத், 1880-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் யானினா நகரில் பிறந்தவர். சிறையிலிருந்து மீண்ட அப்துல் உடல்நலம் குன்றி 1892-இல் மறைந்தார். தந்தையை இழந்த சிறுவன் இஸ்தான்புல் நகரில், நூல்கள் நிறைந்த குடும்பச் சூழலில் வளர்ந்தான். தந்தை பட்ட துன்பமும் சிறிய தந்தையரின் புலமையும் அவனுக்குக் கிடைத்த செல்வங்கள் எனலாம்.

பதினேழாம் வயதிலேயே மித்ஹத் எழுத்துத் துறையில் இறங்கினார். 1897 முதல் சோபியா நகரிலிருந்து அல்பேனிய மொழியில் தேசிய நாட்காட்டி என்னும் ஆண்டு வெளியீட்டை அவர் கொண்டுவந்தார். நாளும் கிழமையும் மட்டும் குறிக்கும் நாட்காட்டி அன்று அது. வரலாறு, அறிவியல், கதை, கவிதை ஆகியவற்றை அதனுள்ளே பொதிந்து வைத்தார். வீட்டுக்கு ஒரு நாட்காட்டி வேண்டும். அதன் வழியே தாய்மொழியும் வீட்டுக்குள் நுழையட்டும் என்பது போன்ற ஏற்பாடு அது. அவர் லூமோ ஸ்கெந்தோ என்னும் புனைபெயரில் எழுதினார். ஏனெனில் அவர் துருக்கி அரசின் அலுவலரும் ஆவார். 1905 முதல் சலோனிக்கா மாநில நிருவாகத்தில் பணிபுரிந்தார்.

1908-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இளந்துருக்கியர் புரட்சி நிகழ்ந்தது. சுல்தான் அரசியலமைப்பை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவர நேர்ந்தது. பத்திரிகைக்கும் பள்ளிக்கும் இருந்த தடைகள் தளர்ந்தன. அடைத்து வைத்த வெள்ளம் மடை திறந்தது போல் அல்பேனியச் சங்கங்களும் இதழ்களும் எங்கும் தோன்றின. மித்ஹத் சலோனிக்காவில் லிரியா என்னும் வார இதழைத் தொடங்கினார். அச்சொல்லுக்குச் சுதந்திரம் என்பது பொருள். அடுத்த ஆண்டில் தித்தூரியா என்னும் திங்களிதழையும் நடத்தினார். அறிவு என்பது அதன் பொருள். இவ்விரு பெயர்களும் சேர்ந்து அவருடைய கொள்கையைச் சொல்லிவிடுகின்றன.

ஆனால் இதழ்கள் பெருகப் பெருகக் குழப்பமும் பெருகியது. ஓரிதழ் இஸ்தான்புல் எழுத்தில் வந்தது. வடக்கே ஷ்கோதர் நகரத்துக் கத்தோலிக்கப் புலவர்கள் தனித்தனியே இரண்டு எழுத்து முறைகளைக் கையாண்டனர். அவற்றுள் ஒன்று லத்தீன் எழுத்துக்களை மட்டுமே கொண்டது. வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்துக்களை இணைத்து ஓர் ஒலியைக் காட்டுவது. மற்றொன்று எழுத்துக்களின் மேல் குறிகளை இட்டு ஒலியைக் காட்டுவது. பள்ளிப் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது? அச்சுக்கூடத்துக்கு எதை வாங்குவது? இவ்வினாக்களுக்கு விடை காணவே 1908 நவம்பர் 14-ஆம் நாள் மொனாஸ்டிர் நகரில் மாநாடு கூடியது. இன்று அந்நகர் வட மாசிடோனியாவில் பிட்டோலா என்னும் பெயரோடு விளங்குகிறது.

மாநாட்டுக்கு முஸ்லிம் பெருமக்கள் வந்தனர். ஆர்த்தடாக்ஸ் ஆசிரியர்கள் வந்தனர். கத்தோலிக்கத் துறவிகளும் வந்தனர். மித்ஹத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எழுத்தைப் பற்றி முடிவு செய்யப் பதினொருவர் கொண்ட குழு அமைந்தது. அக்குழுவின் தலைமை ஜெர்ஜ் பிஷ்டாவுக்குக் கிடைத்தது. அவர் பிரான்சிஸ்கன் சபைத் துறவி, பெருங்கவிஞர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஒருவர் மாநாட்டுத் தலைவர். கத்தோலிக்கத் துறவி குழுத் தலைவர். அக்காலத்துப் பேரரசில் இது எளிய செய்தி அன்று.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இஸ்தான்புல் எழுத்து மித்ஹத்தின் குடும்பச் சொத்து போன்றது. அதை வகுத்த ஸாமி மறைந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. நயீமின் அல்பேனிய மொழி நூல்கள் அதில் அச்சானவை. அவ்வெழுத்தின்மேல் மித்ஹத்துக்குப் பற்று இல்லாதிருக்குமா? ஆயினும் அதற்கு ஒரு நடைமுறைக் குறை இருந்தது. அதன் தனி வடிவங்கள் வெளிநாட்டு அச்சுக்கூடங்களில் கிடைப்பதில்லை. தந்தி அனுப்பவும் அவை உதவா. லத்தீன் எழுத்து மட்டும் கொண்ட முறையோ எந்த நாட்டு அச்சுக்கூடத்திலும் கோக்கத்தக்கது. இவ்வுண்மையை எவரும் மறுக்க இயலவில்லை.

மாநாடு தந்த தீர்ப்பு ஒரு சமரசம். முற்றிலும் லத்தீன் எழுத்தாலான ஒரு புதிய வரிசையை, ஷ்கோதர் நகரத்து முறையை ஒட்டிக் குழு வகுத்தது. இஸ்தான்புல் எழுத்தும் அதனோடு நிலைக்கும். பள்ளிகள் இரண்டையும் கற்பிக்கும் என்று முடிவாயிற்று. ஒன்றை நாடிச் சென்றவர் இரண்டைக் கொண்டு திரும்பினர் என்று அன்று சிலர் நகைத்திருக்கலாம். ஆனால் அம்முடிவின் வலிமை அங்கேதான் இருந்தது. தோற்றுவிட்டோம் என்று கருதி எவரும் வெளியேறவில்லை. அரபு எழுத்தும் கிரேக்க எழுத்தும் பொது வழக்கிலிருந்து விலகின. எஞ்சிய இரண்டில் எது எளிதோ அதனைக் காலமே தேர்ந்தெடுக்கட்டும் என்று விடப்பட்டது. காலம் விரைவிலேயே தேர்ந்தெடுத்தது. சில ஆண்டுகளுக்குள் புதிய வரிசை எங்கும் பரவ, இஸ்தான்புல் எழுத்து மெல்ல மறைந்தது. தம் குடும்பம் தந்த எழுத்து பின்னடையவும், தம் மக்கள் ஒன்றுபடவும் வழிசெய்த மாநாட்டுக்கு மித்ஹத் தலைமை தாங்கினார். ஸாமி விரும்பிய 36 எழுத்துக்கள் என்னும் எண் மட்டும் இன்றைய அல்பேனிய எழுத்து வரிசையிலும் அப்படியே நிற்கிறது.

இளந்துருக்கியர் இதனைப் பொறுக்கவில்லை. லத்தீன் எழுத்து முஸ்லிம்களைச் சமயத்திலிருந்து பிரித்துவிடும் என்ற வாதம் எழுப்பப்பட்டது. 1910-இல் அரபு எழுத்துக்கு ஆதரவாகக் கூட்டங்கள் கூட்டப்பட்டன. அதற்கு எதிராகக் கோர்ச்சா முதலிய நகரங்களில் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் ஒன்றாகத் திரண்டு, மொனாஸ்டிர் முடிவே எங்கள் முடிவு என்றனர். பள்ளிகள் பலவற்றை அரசு மூடியது, இதழ்கள் நின்றன. ஆனால் எழுத்து நின்றுவிடவில்லை. வரலாற்றின் விளையாட்டைப் பாருங்கள்! அல்பேனியர் லத்தீன் எழுத்தை ஏற்றதற்காகச் சினந்த துருக்கி நாடே, இருபது ஆண்டுகள் கழித்து 1928-இல், முஸ்தபா கெமாலின் ஆட்சியில் அரபு எழுத்தை நீக்கி லத்தீன் எழுத்தை மேற்கொண்டது.

1912 நவம்பர் 28-ஆம் நாள் வ்லோரா நகரில் இஸ்மாயில் கெமாலி அல்பேனியாவின் விடுதலையை அறிவித்தார். அவர் அமைத்த முதல் அரசில் மித்ஹத் பொதுப்பணி அமைச்சரானார். அடுத்த ஆண்டு இலண்டனில் கூடிய வல்லரசுகளின் தூதர்கள் புதிய நாட்டை ஏற்றுக்கொண்டனர். ஆனால் எல்லையை அவர்களே வரைந்தனர். கொசோவோ செர்பியாவுக்குச் சென்றது. அல்பேனிய மொழி பேசுவோரில் பெரும்பகுதியினர் தம் நாட்டுக்கு வெளியே நின்றனர். பின்னாளில் மித்ஹத்தின் வாழ்வில் விழப்போகும் நிழல் இந்த எல்லைக்கோட்டிலிருந்தே நீண்டது எனலாம்.

முதல் உலகப் போர் மூண்டது; அல்பேனியா பல படைகளின் வழித்தடமாயிற்று. அப்போரின்போதும் மித்ஹத் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1915-இல் சோபியாவில், சாம்பலும் தணலும் என்று பொருள்படும் தலைப்பில் தம் சிறுகதைகளையும் கட்டுரைகளையும் நூலாக வெளியிட்டார். போருக்குப் பின் பாரிஸ் அமைதி மாநாட்டில் அண்டை நாடுகள் அல்பேனியாவை மீண்டும் பங்கிட முயன்றன. அங்கு அல்பேனியத் தூதுக்குழுவின் தலைவராக 1920 முதல் 1922 வரை அவர் பணியாற்றினார். தம் நாட்டின் வழக்கைப் பிரெஞ்சு இதழ்களில் எடுத்துரைத்தார். 1920 டிசம்பரில் அல்பேனியா சர்வதேச சங்கத்தின் உறுப்பு நாடாயிற்று. பின்னர் அவர் ஏதென்ஸ் நகரில் தூதராக இருந்தார்.

இருபதுகளின் நடுவில், நாற்பத்தைந்து வயதளவில், அவர் அரசுப் பணியை விட்டு நீங்கினார். அமைச்சராகவும் தூதராகவும் இருந்தவர் அடுத்து என்ன செய்தார்? தலைநகர் டிரானாவில் ஒரு புத்தகக் கடை திறந்தார்! அதற்குத் தம் புனைபெயரான லூமோ ஸ்கெந்தோ என்பதையே பெயராகச் சூட்டினார். நின்றுபோன தித்தூரியா இதழையும் 1926-இல் மீண்டும் தொடங்கினார். ஜோக் என்பவர் முதலில் குடியரசுத் தலைவராகவும் 1928 முதல் மன்னராகவும் ஆண்ட காலம் அது. மித்ஹத் அரசவையை நாடவில்லை. அல்பேனியாவைப் பற்றி எந்த மொழியில் நூல் வந்தாலும் தேடி வாங்கினார். ஏறத்தாழ 20,000 நூல்கள் அவரிடம் சேர்ந்தன. நாட்டிலேயே அதற்கு இணையான தனியார் நூலகம் வேறு இல்லை. அதனை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்க வேண்டும் என்பது அவர் கனவு. இந்நிலையிலேயே அவர் வாழ்வு முடிந்திருந்தால், அவரைப் பற்றி எவரும் மாறுபட்டுப் பேச இடமிருந்திராது.

ஆனால் 1939 ஏப்ரல் 7-ஆம் நாள் முசோலினியின் படைகள் அல்பேனியக் கரையில் இறங்கின. நாடு அடிமையாயிற்று. 1942-இல், அறுபத்திரண்டாம் வயதில், மித்ஹத் புத்தக அலமாரிகளை விட்டு மீண்டும் அரசியலுக்கு வந்தார். அவர் தலைமையில் பாலி கொம்பேதார், அதாவது தேசிய முன்னணி, தோன்றியது. அன்னியர் வெளியேற வேண்டும், மன்னராட்சி வேண்டா, கொசோவோவும் சேர்ந்த அல்பேனியா வேண்டும் என்பன அதன் கோரிக்கைகள். மறுபுறம் கம்யூனிஸ்டுகள் என்வர் ஹோஜாவின் தலைமையில் மற்றொரு விடுதலை இயக்கத்தை நடத்திவந்தனர்.

1943 ஆகஸ்டுத் தொடக்கத்தில் முக்யே என்னும் ஊரில் இவ்விரு திறத்தாரும் கூடிப் பேசி, ஒன்றாகப் போரிடுவது என உடன்பாடு செய்தனர். மொனாஸ்டிர் மாநாட்டின் காட்சி மீண்டும் தோன்றியது போல் இருந்தது. அந்தோ, அவ்வுடன்பாடு சில நாட்களே உயிர்வாழ்ந்தது! கொசோவோவைப் பற்றிய பகுதியை யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்டுகள் ஏற்கவில்லை. அதிகாரத்தைப் பங்கிடுவதையும் ஹோஜா விரும்பவில்லை. கம்யூனிஸ்டுக் கட்சி உடன்பாட்டைத் தள்ளிவிட்டது. செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. ஜெர்மன் படை நாட்டினுள் புகுந்தது. உள்நாட்டுப் போரும் மூண்டது.

இங்கேதான் வரலாற்று மாணவன் கண்ணை மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். இத்தாலியரை எதிர்க்கப் பிறந்த தேசிய முன்னணியின் படைப்பிரிவுகள் பல, ஜெர்மானியரோடு சேர்ந்து கம்யூனிஸ்டுப் படைகளைத் தாக்கின. ஜெர்மானியர் தோற்றுப் போய்விடுவர், கம்யூனிஸ்டுகளே நிலையான பகைவர் என்று முன்னணியினர் கணக்கிட்டனர். கொசோவோ மீண்டும் கைநழுவிவிடுமே என்ற அச்சமும் அவர்களை ஆட்டிவைத்தது. காரணங்களை நாம் புரிந்துகொள்ளலாம். ஆனால் புரிந்துகொள்வது வேறு, சரி என்பது வேறு. நாஜிப் படையின் நிழலில் நின்றவன் விடுதலைப் போராளி என்ற பெயரைக் காத்துக்கொள்ள இயலாது. தம் இயக்கம் அந்நிழலுள் செல்வதை மித்ஹத் தடுத்து நிறுத்தவில்லை. தலைவன் என்ற முறையில் அப்பழி அவரையும் சாரும்.

1944 நவம்பரில் கம்யூனிஸ்டுப் படைகள் டிரானாவைக் கைப்பற்றின. அதற்கு முன்னரே மித்ஹத் கடல் கடந்து தென் இத்தாலிக்குச் சென்றுவிட்டார். அவருடைய நூலகத்தைப் புதிய அரசு பறிமுதல் செய்து தேசிய நூலகத்தில் சேர்த்தது. 1949 ஆகஸ்டில் அகதிகளான அல்பேனியத் தலைவர்கள் அமைத்த குழுவுக்கு அவர் தலைவரானார். அப்பணியின் பொருட்டு நியூயார்க் சென்றிருந்தபோது, அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள், ஓர் ஓட்டல் அறையில் மாரடைப்பால் உயிர் துறந்தார். அந்நகருக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய தாய்நாட்டில் அவர் பெயருக்குத் துரோகி என்பதே அடைமொழி. நயீமும் ஸாமியும் அப்துலும் பள்ளிப் பாடநூல்களில் வீரராகப் போற்றப்பட்டனர். அப்துலின் மகனோ வசைக்குரியவனாக மட்டுமே பேசப்பட்டான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவரைத் துரோகி என்று எழுதிய புத்தகங்கள் எந்த எழுத்தில் அச்சாயின? அவர் தலைமை தாங்கிய மாநாடு தந்த 36 எழுத்துக்களிலேயே அச்சாயின. அவரைப் பழித்த அறிஞர்கள் எந்த நூல்களைப் புரட்டிப் படித்தனர்? அவர் திரட்டி வைத்த நூல்களும் அவற்றுள் இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் அந்த ஆட்சி வீழ்ந்தபின் அவருடைய எழுத்துக்கள் மீண்டும் வெளிவந்தன. 2018 நவம்பரில் அவருடைய எலும்புகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு டிரானாவில் அடக்கம் செய்யப்பட்டன. அவருடைய போர்க்கால நடத்தையைப் பற்றிய வாதம் அங்கே அன்றோடு முடிந்துவிடவில்லை. முடிய வேண்டும் என்பதும் இல்லை.

மித்ஹத் பிராஷெரி இருமுறை தம் நாட்டின் பிளவுகளுக்கு நடுவே நின்றார். மொனாஸ்டிரில் கூடியோர் ஒருவர் மற்றவரை வெல்ல வேண்டும் என்று எண்ணாமல், கற்கப்போகும் குழந்தையை எண்ணி முடிவு செய்தனர். ஊர் திரும்பிய பின்னும் அம்முடிவைக் காத்தனர். முக்யேயில் கூடியோர் உடன்பாட்டை எழுதினர். ஆனால் நாளை ஆளப்போவது யார் என்ற வினாவை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதினர். முதலாவது ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. இன்று டிரானாவில் படிக்கும் சிறுமியும், எல்லைக்கு அப்பால் கொசோவோவின் பிரிஸ்டினாவில் படிக்கும் சிறுவனும் அதே எழுத்தை எழுதுகின்றனர். படைகள் அழிக்க முடியாத ஒற்றுமை அது. இரண்டாவதோ ஒரு திங்கள்கூட நிலைக்கவில்லை. அதன் முறிவிலிருந்து பெருகிய குருதியும் பகையும் இரண்டு தலைமுறைகளைத் துன்புறுத்தின. இரண்டையும் ஒருங்கே அறிந்தால்தான் அப்பெரியாரை நாம் அறிந்தவர் ஆவோம்.